ஒன்றரை வருஷமா ஜிம், நாலு மாசமா பெஞ்ச் 60லயே நிக்குது, இதுதான் நார்மலா?

நைட்ஷிப்ட்:
வணக்கம் எல்லாருக்கும். வயசு 31, உயரம் 172, ஐடி வேலை, வாரத்துக்கு மூணு நாலு நாள் ஜிம். ஆரம்பிச்சப்ப வெறும் ராடுக்கே கை நடுங்கும், அப்புறம் ஆறு மாசத்துல பெஞ்ச் (படுத்துட்டு ராட நெஞ்சுக்கு மேல தள்றது) 50 கிலோ, ஸ்குவாட் (தோள்ல ராட வச்சு உக்காந்து எந்திரிக்கிறது) 70ன்னு சரசரன்னு ஏறிடுச்சு, நானும் இதே ஸ்பீட்ல போனா ரெண்டு வருஷத்துல 100 கிலோ பெஞ்ச்தான்னு நெனச்சுட்டு இருந்தேன். இப்ப ஒன்றரை வருஷம் ஆச்சு, பெஞ்ச் 60ல 5 ரெப்ஸ் (அதாவது தொடர்ந்து 5 தடவ), ஸ்குவாட் 85ல 5, டெட்லிஃப்ட் (ராட தரைல இருந்து தூக்கி நிக்கிறது) 110ல 3. கடைசி நாலு மாசமா பெஞ்ச் நகரவே இல்ல. எடை 78ல இருந்து 73 வந்து இப்ப மறுபடி 75. தொப்பை கொஞ்சம் கொறஞ்சிருக்கு, ஆனா சட்டைய கழட்டினா ஜிம்முக்கு போற ஆள்னு யாரும் சொல்ல மாட்டாங்க. எங்க ஜிம் மாஸ்டர் 12 வாரம் டிரான்ஸ்பர்மேஷன் பேக்கேஜ்னு ஒண்ணு எடுத்துக்க சொல்றார், அவர் காட்டுற போட்டோவ எல்லாம் பாத்தா எனக்கு மட்டும்தான் உடம்பு ஏற மாட்டேங்குதான்னு இருக்கு. நேச்சுரலா, அதாவது ஸ்டீராய்டு ஊசி இல்லாம போறவங்களுக்கு வருஷத்துக்கு உண்மையிலேயே எவ்வளவு ஏறும், தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கோவைக்குளிர்:
எடையும் கொறையோணும், பெஞ்சும் ஏறோணும்னா ரெண்டும் ஒண்ணா ரொம்ப நாளைக்கு நடக்காதுங்க. புதுசுல நடக்கும், அப்புறம் இல்ல. ப்ரோட்டீன் எவ்வளவு எடுக்கறீங்க, அதை மொதல்ல சொல்லுங்க.

இரும்புக்கடை:
தம்பி, உங்க நம்பர்ஸ் பாத்தேன், கவலப்படுற மாதிரி ஒண்ணும் இல்ல. 60ல 5 ரெப்ஸ்னா, ஒரே ஒரு ரெப் மட்டும் தூக்கினா எவ்வளவுங்கிற கணக்குல சுமாரா 70 வரும், ஸ்குவாட் 99 வரும், டெட்லிஃப்ட் 120 தாண்டும். (கணக்கு சிம்பிள்தான், ரெப்ஸ 30ஆல வகுத்து அதோட ஒண்ண கூட்டி வெயிட்டால பெருக்கணும், ரெப்ஸ் கம்மியா இருக்கிற வரைக்கும் ஓரளவு சரியா இருக்கும்.) வெறும் ராடுல ஆரம்பிச்சு ஒன்றரை வருஷத்துல இது நல்ல முன்னேற்றம். உங்களுக்கு பிரச்சன அந்த முதல் ஆறு மாச வேகத்த அளவுகோலா வச்சுக்கிட்டதுதான்.

அந்த முதல் ரெண்டு மூணு மாசம் ஏறுறது பெரும்பாலும் நரம்பு செய்யற வேல. தசை அதேதான், ஆனா இருக்கிற தசைய முழுசா வேலைக்கு கூப்பிட மூளை கத்துக்குது, ராட பேலன்ஸ் பண்ண கத்துக்குது, அதனால வாரா வாரம் வெயிட் ஏறும். அதுக்கப்புறம் ஏறணும்னா புதுசா தசை வளரணும், அது மெதுவாதான் வளரும். மாசம் 2.5 கிலோ ஏத்துறது ரொம்ப சின்ன விஷயமா தோணும், ஆனா அது வருஷத்துக்கு 30 கிலோ, பத்து வருஷத்துக்கு 300 கிலோ. பத்து வருஷம் தூக்கினவன் எல்லாம் 360 கிலோவா பெஞ்ச் போடறான்? எங்கயோ வளைவு சாஞ்சே ஆகணும், சாயற இடம்தான் உங்களுக்கு இப்ப வந்திருக்கு.

நெதர்லாந்துல ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, நெறைய கிளை இருக்கிற ஒரு ஜிம் கம்பெனியோட பழைய ரெக்கார்ட எடுத்து 14,690 பேரோட கணக்க பாத்தாங்க, சிலருக்கு ஏழு வருஷம் வரைக்கும் டேட்டா இருந்துச்சு. வாரத்துக்கு ஒரே நாள், ஆறு மெஷின், ஒவ்வொண்ணுலயும் ஒரே ஒரு செட் (நடுவுல நிறுத்தாம பண்ற ஒரு சுத்து). முதல் வருஷத்துலயே பலம் 30ல இருந்து 50 சதவீதம் வரைக்கும் ஏறிடுச்சு, அதுக்கப்புறம் இத்தனை வருஷம் போயும் மொத்தமா 50, 60 சதவீதத்துல போய்தான் நின்னுச்சு. நீங்க அவங்கள விட நெறைய பயிற்சி பண்றீங்க, அதனால உங்க உச்சி அதுக்கு மேலதான் இருக்கும், ஆனா கோட்டோட வடிவம் இதேதான், மொதல்ல செங்குத்தா ஏறி அப்புறம் சாஞ்சு சாஞ்சு போகும். தசை எவ்வளவு ஏறும்னு கேட்டா, அனுபவப்பட்ட கோச்சுங்க சொல்ற கணக்கு ஒண்ணு இருக்கு: நல்லா சாப்பிட்டு ஒழுங்கா பண்ற ஆம்பளைக்கு முதல் வருஷம் நாலுல இருந்து எட்டு கிலோ, ரெண்டாவது வருஷம் அதுல பாதி, மூணாவது வருஷம் அதுலயும் பாதி, அதுக்கப்புறம் வருஷத்துக்கு ஒரு கிலோ வந்தாலே நல்ல வருஷம். ஆளுக்கு ஆள் ரொம்ப மாறும்கிறதையும் சேத்துக்கோங்க. 2005ல 585 பேருக்கு 12 வாரம் ஒரே மாதிரி கைக்கு பயிற்சி குடுத்து பாத்தாங்க, தசை அளவு ஒருத்தருக்கு 59 சதவீதம் ஏறிருக்கு, இன்னொருத்தருக்கு 2 சதவீதம் கொறஞ்சிருக்கு. அதே பயிற்சி, அதே 12 வாரம். அதனால பக்கத்து பெஞ்ச்ல இருக்கிறவன பாத்து உங்கள அளக்காதீங்க, போன வருஷ உங்களோட அளந்து பாருங்க.

நைட்ஷிப்ட்:
அண்ணா இவ்ளோ விளக்கமா யாரும் சொன்னதில்ல, நன்றி. ப்ரோட்டீன் சரியா தெரியல, தினமும் ரெண்டு முட்டை, வாரத்துல மூணு நாள் சிக்கன், மத்தபடி வீட்டு சாப்பாடு. இன்னொரு விஷயம், போன மாசம் எங்க ஜிம்ல அந்த ஏறி நிக்கிற பாடி காம்போசிஷன் மெஷின்ல பாத்தாங்க, ஒரு மாசத்துல தசை 1.8 கிலோ கொறஞ்சு கொழுப்பு 1.2 கிலோ கூடியிருக்குன்னு பேப்பர் வந்துச்சு, அத பாத்துதான் பயந்து இங்க எழுதினேன்.

லேப்கோட்:
அந்த பேப்பர மடிச்சு ஓரமா வைங்க. அந்த மெஷின் தசைய நேரா அளக்கிறதே இல்ல, உடம்புல சின்னதா கரண்ட் விட்டு எவ்வளவு தடை இருக்குன்னு பாத்து, அதுல இருந்து தண்ணி எவ்வளவுன்னு மதிப்பு போட்டு, அதுல இருந்து தசை இவ்வளவு இருக்கும்னு ஃபார்முலா போட்டு சொல்லுது. காலைல வெறும் வயித்துல நிக்கிறதுக்கும், சாயங்காலம் பிரியாணி சாப்பிட்டுட்டு நிக்கிறதுக்கும், வேர்க்க வேர்க்க ஒர்க்கவுட் முடிச்சு நிக்கிறதுக்கும் வேற வேற நம்பர் வரும். தசைக்குள்ள சேமிச்சிருக்கிற கிளைகோஜன் (சோத்துல இருந்து வர்ற மாவுச்சத்து) ஒவ்வொரு கிராமும் சுமாரா மூணு கிராம் தண்ணிய கூட வச்சிருக்கும், நீங்க ரெண்டு நாள் சோறு கொறச்சா அந்த தண்ணி போயிடும், மெஷின் அத தசை போச்சுன்னு எழுதும். கிரியாட்டின்னு ஜிம்காரங்க எடுக்கிற பவுடர் ஆரம்பிச்சா ஒண்ணு ரெண்டு கிலோ தண்ணி ஏறும், அத தசை வந்துடுச்சுன்னு எழுதும். ஒரு மாசத்துல நிஜமா 1.8 கிலோ தசை போகணும்னா நீங்க படுத்த படுக்கையா இருக்கணும், உங்க ஸ்குவாட் கொறஞ்சுதா? இல்லல்ல?

டெக்ஸா ஸ்கேன் (எக்ஸ்ரே வச்சு கொழுப்பு, தசை, எலும்ப பிரிச்சு பாக்கிறது) இத விட மேல், ஆனா அதுலயும் தண்ணியோட விளையாட்டு உண்டு, அதனால வருஷத்துக்கு ஒரு தடவ ரெண்டு தடவக்கு மேல எடுத்து பிரயோஜனம் இல்ல. வீட்ல ஒரு டேப் வாங்குங்க. இடுப்புச் சுத்தளவு, தொப்புள் நேரா, காலைல வெறும் வயித்துல, வாரம் ஒரு நாள். எடை தினமும் பாத்து வார சராசரிய மட்டும் எழுதுங்க. இடுப்பு கொறஞ்சு, தூக்குற வெயிட் அதேயா இருக்கு இல்ல ஏறுதுன்னா, உடம்பு சரியான திசைல போகுது, வேற எந்த மெஷினும் வேண்டாம்.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இடுப்பு அளவு இன்னும் முக்கியம். 2004ல லான்செட்னு மருத்துவ இதழ்ல ஒரு பக்க கட்டுரை வந்துச்சு, ரெண்டு டாக்டர் பக்கத்துல பக்கத்துல நிக்கிற போட்டோ, ஒருத்தர் புனே யாஜ்னிக், இன்னொருத்தர் லண்டன் யுட்கின். ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ (எடைய உயரத்தோட வர்க்கத்தால வகுத்தா வர்ற எண்) 22.3, ஒரே எண். ஆனா உடம்புல கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. ஒல்லியா தெரிவோம், உள்ள கொழுப்பு அதிகம், தசை கம்மி, இதுதான் நம்ம ஆரம்பப் புள்ளி. இந்தியர்களுக்கு ஆம்பளைக்கு 90 சென்டிமீட்டர், பொம்பளைக்கு 80 தாண்டினா எச்சரிக்கைன்னு வச்சிருக்கிறதும் அதனாலதான். அதனால வெள்ளைக்காரன் வீடியோல காட்டுற பிஃபோர் போட்டோவோட நம்மள ஒப்பிட்டா கணக்கு தப்பா போகும், அவன் ஆரம்பிக்கிற இடம் வேற.

சுண்டல்:
மேல சொன்ன டேப் விஷயத்துக்கு நான் சாட்சி. நான் ஆரம்பிச்சு மூணு வருஷம் ஆகப்போகுது, ரெண்டு குழந்தைக்கு அப்புறம். மொத்தமா எடை கொறஞ்சது நாலு கிலோதான், கேக்கிறவங்களுக்கு இவ்ளோ நாள் போயும் நாலு கிலோவான்னு இருக்கும், ஆனா பழைய பிளவுஸ் எல்லாம் இடுப்புப் பக்கம் தொளதொளன்னு ஆயிடுச்சு, தோள்பட்டைல பிடிக்குது. முன்னாடி கேஸ் சிலிண்டர நகத்த ஆள் கூப்பிடுவேன், இப்ப நானே தூக்கி வைக்கிறேன். பொண்ணுங்க இத படிச்சுட்டு இருந்தா உங்களுக்காக சொல்றேன், வெயிட் தூக்கினா ஆம்பள மாதிரி ஆயிடுவோம்னு ட்ரெட்மில்லோட நிறுத்திடாதீங்க. நாம இருக்கிற அளவுல இருந்து எத்தன சதவீதம் வளர்றோம்னு பாத்தா தசை ஆம்பளைங்களுக்கு இணையாவே வளருது, மேல் உடம்பு பலம் சதவீதக் கணக்குல நமக்குதான் கொஞ்சம் கூடவே ஏறுதுன்னு ஆராய்ச்சிகளத் தொகுத்துப் பாத்தவங்க சொல்றாங்க. ஆனா ஆரம்ப அளவு சின்னது, அதனால ராடுல 2.5 கிலோ கூட்டுறதே நமக்கு பெரிய தாவல். பீரியட்ஸ் வர்ற வாரம் ஒண்ணு ரெண்டு கிலோ தண்ணி ஏறி நிக்கும், அந்த வாரத்து எடைய போன மாசம் அதே வாரத்தோடதான் ஒப்பிடணும்.

பீஸ்ட்மோட்:
இதெல்லாம் சாக்கு ப்ரோ. எங்க ஜிம்ல ஒரு பையன் ஒரே வருஷத்துல 15 கிலோ ப்யூர் தசை ஏத்தினான், ஃபுல் நேச்சுரல், வெறும் சிக்கன் ரைஸ், டெய்லி ரெண்டு வேள ஒர்க்கவுட். மனசு வச்சா முடியும், ஆராய்ச்சி ஆராய்ச்சின்னு படிச்சுட்டு உக்காந்தா 60லயேதான் நிக்கணும்.

இரும்புக்கடை:
அந்தப் பையன எனக்கு தெரியாது, அவன பத்தி எதுவும் சொல்ல மாட்டேன். ஆனா 15 கிலோ எடையும் 15 கிலோ தசையும் ஒண்ணு இல்ல. ரொம்ப ஒல்லியா இருந்து ஒரு வருஷத்துல 15 கிலோ எடை ஏத்துறது நடக்கும், அதுல பாதிக்கு மேல தண்ணியும் கொழுப்பும்தான் இருக்கும்.

ஊசி இல்லாம எவ்வளவு, ஊசியோட எவ்வளவுன்னு நேரடியாவே அளந்து வச்சிருக்காங்க. 1996ல அமெரிக்கால பாசின்னு ஒரு டாக்டர் குழு 10 வாரம் பண்ண சோதனை, ஒரு கூட்டத்துக்கு வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன், இன்னொரு கூட்டத்துக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. மருந்து இல்லாம பயிற்சி மட்டும் பண்ணவங்களுக்கு கொழுப்பில்லாத எடை ரெண்டு கிலோ கிட்ட ஏறுச்சு. மருந்து போட்டுட்டு பயிற்சியே பண்ணாம இருந்தவங்களுக்கு 3.2 கிலோ. ரெண்டும் சேத்தவங்களுக்கு 6.1 கிலோ. திரும்ப படிங்க, ஊசி போட்டுட்டு சும்மா இருந்தவன், ஊசி இல்லாம தூக்கினவன விட அதிகமா ஏத்திட்டான். 12 வார போட்டோ பாத்து ஒரு பையன் தன் உடம்புலதான் குறைன்னு நெனைக்கிறான்னா எனக்கு மனசு வலிக்குது, ஏன்னா அந்த போட்டோல எதெல்லாம் சேந்திருக்குன்னு அவனுக்கு யாரும் சொல்றதில்ல. அதுல வெளிச்சம் இருக்கு, மூச்சடக்கி நிக்கிறது இருக்கு, ரெண்டு நாள் தண்ணி கொறைச்சது இருக்கு, ரொம்ப நாள் விட்டுட்டு திரும்ப வந்தவனோட பழைய தசை இருக்கு (அது புதுசா வளர்றத விட ரொம்ப வேகமா திரும்பும்), சில இடத்துல ஊசியும் இருக்கு. 20 வயசுல அத போட்டுட்டு அப்புறம் சொந்த ஹார்மோன் சுரப்பு படுத்து, குழந்தைக்கு டாக்டர்கிட்ட அலையற பசங்கள நான் பாத்திருக்கேன்.

நைட்ஷிப்ட், உங்க உயரத்துக்கு ஒரு தோராய எல்லை சொல்றேன். கொழுப்பில்லாத எடைய மீட்டர்ல உள்ள உயரத்தோட வர்க்கத்தால வகுத்தா ஒரு எண் வரும், 1995ல 157 விளையாட்டு வீரர்கள பாத்ததுல ஸ்டீராய்டு எடுக்காதவங்களுக்கு அது 25 கிட்ட வந்து முட்டுச்சு. கல்வெட்டு இல்ல, அபூர்வமா சிலர் தாண்டுவாங்க. 172க்கு 25ன்னா கொழுப்பில்லாம 74 கிலோ. நீங்க 75 கிலோல 22 சதவீதம் கொழுப்புன்னு வச்சா இப்ப 58.5 கிலோ, எண் 20 கிட்ட. அந்த 25 பல வருஷம் நல்ல ஜீனோட உழைச்சவங்க தொடுற இடம், 22 தொட்டாலே சட்டைல தெரியும். அதுக்கு சுமாரா ஆறரை கிலோ தசை வேணும். மூணு நாலு வருஷ வேல.

பீஸ்ட்மோட்:
ஊசி போட்டுட்டு சும்மா இருந்தவனுக்கே ஏறுதுங்கிறது எனக்கு புதுசு. ஆனா உழைப்பு முக்கியம்கிறதுல நான் மாற மாட்டேன்.

வேலூர்க்கோட்டை:
உழைப்பு முக்கியம்தான், ஆனா உழைச்சா வருஷா வருஷம் நம்பர் ஏறியே ஆகணும்னு இல்லன்றதுக்கு எங்க ஊர்க்காரர சொல்றேன். பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம், சத்துவாச்சாரி. 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்ல 77 கிலோ பிரிவுல ஸ்னாட்ச் 149, கிளீன் அண்ட் ஜெர்க் 179, மொத்தம் 328, தங்கம். நாலு வருஷம் கழிச்சு 2018 கோல்ட் கோஸ்ட்ல 144, 173, மொத்தம் 317, அதுவும் தங்கம். நேஷனல்ஸ்ல தொடைல அடிபட்டு முழுசா சரியாகாம போயிருந்தார். வாழ்க்கையே அதுதான்னு இருக்கிறவருக்கே நாலு வருஷத்துல மொத்தம் 11 கிலோ கொறைவாதான் வந்துச்சு, அத வச்சு அவர் நாலு வருஷம் வீண் பண்ணார்னு யாராச்சும் சொல்வாங்களா? நமக்கு ஆபீஸ், கல்யாணம், காய்ச்சல், டிராபிக் எல்லாம் இருக்கு.

ஐம்பதுப்ளஸ்:
வணக்கம் பிள்ளைகளா. எனக்கு 53. சுகர் வந்ததுக்கு அப்புறம்தான் ஆரம்பிச்சேன், டாக்டர் நடக்க சொன்னார், நடந்தேன், கூடவே வெயிட்டும் தூக்க ஆரம்பிச்சேன். எனக்கு இனிமே ரெக்கார்ட் எல்லாம் பெருசா வேண்டாம், 70 வயசுல தரைல உக்காந்து கை ஊனாம எந்திரிக்கணும், அவ்வளவுதான் கணக்கு. லேட்டா ஆரம்பிக்கிறவங்க பயப்பட வேண்டாம், 1990ல பாஸ்டன்ல முதியோர் இல்லத்துல இருந்த 10 பேருக்கு, சராசரி வயசே 90, எட்டு வாரம் கால் பயிற்சி குடுத்தாங்க, பலம் சராசரியா 174 சதவீதம் ஏறிருக்கு.

நைட்ஷிப்ட் தம்பிக்கு ஒண்ணு. வேல அதிகமாகி மூணு மாசம் முழுசா பண்ண முடியலன்னா விட்டுடாதீங்க. 2011ல ஒரு ஆராய்ச்சில, நாலு மாசம் வாரம் மூணு நாள் பண்ணவங்கள, அதுல ஒன்பதுல ஒரு பங்கு மட்டும் பண்ண சொன்னாங்க, அதாவது வாரம் ஒரு நாள், ஒவ்வொண்ணுலயும் ஒரே செட், அப்படியே 32 வாரம். 20ல இருந்து 35 வயசுக்காரங்களுக்கு பலமும் போகல, தசையும் போகல. 60 தாண்டினவங்களுக்கு பலம் நின்னுச்சு, தசை அளவு மட்டும் கொறைஞ்சிருக்கு, அதனால என்னை மாதிரி ஆளுங்க கொஞ்சம் கூடவே பண்ணணும். வாரம் ஒரு நாள் எட்டிப் பாத்தாலே கட்டினது இடியாது.

நைட்ஷிப்ட்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, பேக்கேஜ் எடுக்கல. இப்ப நான் என்ன பண்ணட்டும், எடைய கொறைக்கவா ஏத்தவா? அடுத்த வருஷம் இதே நேரம் எங்க இருந்தா சரின்னு சொல்லலாம்?

கோவைக்குளிர்:
சாப்பாட்ட நான் சொல்றேனுங்க. 2018ல 49 ஆராய்ச்சிய சேத்துப் பாத்ததுல ஒரு கிலோ எடைக்கு 1.6 கிராம் ப்ரோட்டீனுக்கு மேல போனா பெருசா கூடுதல் பலன் தெரியலைன்னு வந்துச்சு. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) சொல்ற 0.83 கிராம் சாதாரண ஆளுக்கு. உங்களுக்கு 120 கிராம்னு வைங்க. நாலு முட்டை 24, பச்சை சிக்கன் 200 கிராம்ல 44, பாலும் தயிருமா அரை லிட்டர் 16, காய்ஞ்ச மீல்மேக்கர் 30 கிராம்ல 15, மீதி இட்லி, பருப்பு, சுண்டல்ல வந்துரும். பவுடர் கட்டாயம் இல்லைங்க. அதே ஆராய்ச்சில ப்ரோட்டீன் சேத்ததால கூடின தசை சராசரி 300 கிராம்தான், பயிற்சியாலதான் மிச்சம் எல்லாம். சோத்த பாதியா நிறுத்திட்டு பவுடருக்கு நாலாயிரம் செலவு பண்ணாதீங்க.

இரும்புக்கடை:
இடுப்பு 90க்கு மேல இருந்தா மொதல்ல மெதுவா கொறைங்க, வாரத்துக்கு அரை கிலோவுக்கு மேல வேண்டாம். நார்வேல விளையாட்டு வீரர்கள்ல வாரம் 0.7 சதவீதம் கொறைச்சவங்களுக்கு கொழுப்பில்லாத எடை கூடவே செஞ்சுச்சு, 1.4 சதவீதம் கொறைச்சவங்களுக்கு அப்படி ஏறல. நாலஞ்சு மாசம் இது, அந்த நேரத்துல பெஞ்ச் 60ல நின்னாலே ஜெயிச்ச மாதிரி எடுத்துக்கோங்க. அதுக்கப்புறம் எடைய அப்படியே பிடிச்சு, இல்ல மாசம் அரை கிலோ ஏற விட்டு, வெயிட் ஏத்துங்க.

பெஞ்ச் வாரம் ரெண்டு நாள் போடுங்க, ஒரு நாள் போட்டு 60 நகரலன்னு சொல்ற பசங்கதான் ஜாஸ்தி. 60ல மூணு செட், 5 ரெப்ஸ்ல இருந்து மூணு செட்லயும் 8 வர்ற வரைக்கும் வெயிட்ட தொடாதீங்க, 8 வந்ததும் 62.5, திரும்ப 5ல இருந்து. ஒரு படி ஏற ரெண்டு மாசம் கூட ஆகும், ஆகட்டும். நிறைய ஜிம்ல 2.5 பிளேட்டுக்கு கீழ வச்சிருக்க மாட்டாங்க, ரெண்டு பக்கமும் சேந்தா 5 கிலோ தாவல், 60 கிலோ போடறவனுக்கு அது எட்டு சதவீதம், அதுலயே பாதிப் பேர் நிக்கிறாங்க. 1.25 ஒரு ஜோடி வாங்கி பைல போட்டுக்கோங்க. அடுத்த வருஷம் இதே நேரம் பெஞ்ச் 67.5ல 5, ஸ்குவாட் 100ல 5, இடுப்பு 86, 87 இருந்தா அருமையான வருஷம். பெஞ்ச் 65தான் வந்துச்சுன்னாலும் நல்ல வருஷம்தான். ஒவ்வொரு செட்டையும் நோட்டுல எழுதுங்க, மூணு மாசத்துக்கு ஒரு தடவ மட்டும் திருப்பி பாருங்க.

சுண்டல்:
யாரும் தூக்கத்த பத்தி கேக்கல, பேரே நைட்ஷிப்ட்னு வச்சிருக்கார். தம்பி எத்தன மணி நேரம் தூங்கறீங்க?

நைட்ஷிப்ட்:
அஞ்சு, அஞ்சரை. காலைல ஏழுக்கு வந்து படுப்பேன், பன்னெண்டு மணிக்கு தெரு சத்தத்துல முழிப்பு வந்துரும் அக்கா.

சுண்டல்:
அப்ப பெஞ்சுக்கு முன்னாடி அத சரி பண்ணுங்க. 2010ல 10 பேர ரெண்டு வாரம் ஒரே மாதிரி டயட்ல வச்சு, ஒரு தடவ எட்டரை மணி நேரம், இன்னொரு தடவ அஞ்சரை மணி நேரம் தூங்க விட்டாங்க. எடை ரெண்டுலயும் மூணு கிலோ கிட்டதான் கொறஞ்சுச்சு. ஆனா நல்லா தூங்கினப்ப போன கொழுப்பு 1.4 கிலோ, கம்மியா தூங்கினப்ப 0.6 கிலோதான், மீதி தசை பக்கத்துல இருந்து போயிருக்கு. நீங்க இருக்கிற அஞ்சரை அப்படியே அதுதான். ஜன்னலுக்கு தடிமனா கருப்பு திரை, காதுக்கு பஞ்சு அடைப்பான், வீட்ல ரெண்டு மணி வரைக்கும் யாரும் எழுப்பக்கூடாதுன்னு சொல்லிடுங்க. முழிப்பு வந்துட்டா சாயங்காலம் கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் படுங்க. ஷிப்ட் முடிஞ்ச உடனே போய் ஹெவி ஸ்குவாட் போடாதீங்க, தூங்கி எந்திரிச்சு சாப்பிட்டு போங்க.

நைட்ஷிப்ட்:
நான் இவ்ளோ நாள் ஷிப்ட் முடிஞ்ச உடனேதான் போயிட்டு இருக்கேன். நாளையில இருந்து மூணரைக்கு மாத்திக்கறேன். இடுப்பு இன்னிக்கு அளந்தேன், 93. அந்த 1.25 பிளேட் ராடு ஓட்டை சைஸ் எல்லாத்துக்கும் ஒண்ணுதானா அண்ணா?

இரும்புக்கடை:
இல்ல, பாத்து வாங்கணும். பெரிய ஒலிம்பிக் ராடா இருந்தா முனை 50 மில்லிமீட்டர், அதுக்குன்னே ஓட்டை பெருசா இருக்கிற பிளேட் கேளுங்க. பழைய சின்ன ராடுன்னா அத விட ரொம்ப சன்னம், அளந்துட்டு போங்க. 93ல இருந்துன்னா மொதல்ல கொறைக்கிற கட்டம்தான், டிசம்பர்ல நோட்டோட வாங்க, இங்கேயே பேசுவோம்.